அத்தை ஆன்லைனில் இருக்கிறார்

இன்றைக்கு அந்த ஃபோனா நானா, இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று கண்ணாடிக்காரர் கடையைப் பூட்டும்போதே முடிவு கட்டிவிட்டார்.

காரணம் இருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் பார்வை மங்கினவர்தான் வருவார். புது ஃப்ரேமை மாட்டிக்கொண்டு நிலைக்கண்ணாடி முன்னால் நின்றால் அவருக்குத் தன் முகமே தெரியாது, ஏனென்றால் அதில் இன்னும் பவர் போடவில்லை. அதனால் நம்முடைய ஆள் ஒவ்வொருவரையும் ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஃபோனில் படம் எடுப்பார். வந்தவர் தன் பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு படங்களைப் பார்த்து, இது நன்றாக இருக்கிறது, இதில் கிழவியாகத் தெரிகிறேன் என்று சொல்லுவார். அன்று ஒரு தலைமையாசிரியை ஆசை ஆசையாக ஃப்ரேமை மாட்டிக்கொண்டு நின்ற நேரத்தில், படம் எடுக்க இடமில்லை என்று ஃபோன் கைவிரித்துவிட்டது. "அப்புறம் வரேன்" என்று கிளம்பிய அம்மணி நேராக எதிர்க் கடைக்குள் நுழைந்ததை அவர் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தார்.

வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தார்.

"ஃபோனைச் சுத்தம் பண்ணப் போறேன்."

"எதையெல்லாம் அழிப்பீங்க?" என்றாள் மனைவி.

"வேண்டாததை."

"எது வேண்டாததுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து இதே கேள்விதான்."

"அம்மா அனுப்பினதுல மட்டும் கை வைக்காதீங்க. அவங்க குரல்னு இருக்கறது அது ஒண்ணுதான்."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?"

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிற அப்பாவித்தனம் இத்தனை வருஷக் குடித்தனத்துக்குப் பிறகும் அவரிடம் மிச்சம் இருந்தது.

மனைவிக்குப் பல் ஆஸ்பத்திரியில் வேலை. டோக்கன் எண்ணைக் கூப்பிட்டு ஆட்களை உள்ளே அனுப்ப வேண்டும். வேலை நேரத்தில் ஃபோனைத் தொடக்கூடாது. அதனால் இவர்களோடு இருந்த அவள் அம்மா, வீட்டில் எது பழுதானாலும் வீடியோ எடுத்து மருமகனுக்கு அனுப்புவார். பாவம், எடுக்கும்போது விரல் கேமராவை மூடிக்கொண்டிருக்கும். படம் முழுக்க இருட்டு, உள்ளே குரல் மட்டும். மருமகன் ஒன்றையும் திறந்ததில்லை. வந்தவுடன் ஒரு கும்பிடு பொம்மையைப் பதிலுக்கு அனுப்பிவிட்டு வேலையைப் பார்ப்பார். போன மழைக்காலத்தில் அத்தை போய்ச் சேர்ந்தார். வீடியோக்கள் அப்படியே கிடந்தன.

முதலில் வாடிக்கையாளர் படங்களைத் திறந்தார். கண்ணாடியில்லாத ஃப்ரேம் வழியாகக் கண்கள் வரிசையாக அவரையே பார்த்தன. எல்லாம் முன்பின் தெரியாத முகங்கள், ஒன்றுகூடச் சிரிக்கவில்லை. ஆனால் இந்தப் படத்தில் இருப்பவர் திரும்பி வந்து, 'போன வருஷம் போட்டுப் பார்த்தேனே, அந்த ஃப்ரேம்' என்று கேட்டால்? அடுத்த படத்துக்காரர் கேட்டால்? ஒருவரையும் அழிக்க மனம் வரவில்லை. தள்ளிக்கொண்டே போனவர் சட்டென்று நிறுத்தினார். அந்தக் கூட்டத்துக்கு நடுவில், கறுப்பு ஃப்ரேமுக்குள்ளிருந்து அத்தை பார்த்துக்கொண்டிருந்தார். அவசரமாகப் படங்களை மூடினார்.

அதிக இடம் பிடித்திருப்பது யார் என்று தேடினால், அங்கேயும் முதலிடத்தில் அத்தைதான். திறந்தார். கறுப்புக் கட்டம், அதற்குக் கீழே கறுப்புக் கட்டம். வெறும் இருட்டுக்கா இவ்வளவு இடம்? எதற்கும் ஒன்றைப் போட்டுக் கேட்டுவிட்டு அழிக்கலாம் என்று யாருக்கும் தோன்றியிருக்கும், அவருக்குத் தோன்றவில்லை. அழித்தார். நிச்சயமாகத்தானா என்று ஃபோன் ஒரு தடவை கேட்டது. நிச்சயமாகத்தான் என்றார். இந்த மாதிரி வேலைகளை மனிதர் அரைகுறையாகச் செய்வதில்லை.

"முடிஞ்சுதா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"பாதி ஃபோன் காலி."

"அம்மா அனுப்பினது?"

"பத்திரம்" என்றார்.

இரண்டு நாள் நிம்மதியாகப் போனது. மூன்றாம் நாள் சாயங்காலம், இருட்டுவதற்குள் மொட்டைமாடித் துணிகளை எடுத்துவரச் சொல்லி மனைவி அனுப்பினாள். துணியை அள்ளிக்கொண்டு படியிறங்கினார். திருப்பத்தில் வழக்கம்போல் கும்மிருட்டு. காலால் துழாவி அடுத்த படியில் வைத்தபோது, காதுக்குப் பக்கத்தில் அந்தக் குரல் கேட்டது.

"மாப்பிள்ளை, இந்த லைட் எரியலை பாருங்க. யாராவது விழுந்து வச்சாத்தான் மாத்துவீங்களா?"

துணியெல்லாம் கீழே விழ, அவற்றின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. கூடத்தில் மனைவி ஃபோனும் கையுமாக, ஒன்றும் நடக்காததுபோல் உட்கார்ந்திருந்தாள்.

"உனக்கு எதாவது கேட்டுச்சா?"

"எது?"

"குரல் மாதிரி."

"யாரு குரல்?"

யார் குரல் என்று சொன்னால், அழித்த கதையையும் சொல்ல வேண்டிவரும்.

மறுநாள் கடைக்குப் போகிற வழியில் ஒரு பல்பு வாங்கிவைத்துக்கொண்டு, வீடு திரும்பியதும் மாட்டினார். படிக்கட்டு அமைதியானது. அடுத்த நாள் காலையில் குளியலறையில் முகத்தில் சோப்பு நுரையோடு நிற்கிறார், கண்ணைத் திறக்க முடியாது. ஒழுகுகிற குழாய் சொட்டுச் சொட்டென்று பேசிக்கொண்டிருக்கிறது. அதற்கு மேலே, வெகு நிதானமாக, "மாப்பிள்ளை, இந்தச் சத்தம் எனக்குத் தூக்கத்துலயும் கேக்குது" என்று வந்தது.

இப்போது அத்தை எந்தத் தூக்கத்தைச் சொல்லுகிறார்? நினைத்த மாத்திரத்தில் கண்ணாடிக்காரர் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே பாய்ந்தார்.

"ஏங்க, நுரையைக்கூட அலசலையா?" என்றாள் மனைவி.

"குழாயை மாத்தணும்."

"இப்பவா?"

"இப்பவே."

குழாய் நின்றது. குரல் சமையலறை அலமாரிக்குப் போனது. கீல் கழன்ற கதவைப் பற்றிச் சொன்னது. அதைச் சரிசெய்தார், பின்வாசல் தாழ்ப்பாளுக்குப் போனது. அவர் எதைச் சரிசெய்தாலும் குரல் அந்த இடத்தைக் காலி செய்துகொண்டு அடுத்த இடத்தில் காத்திருந்தது. அவரை அதிகம் பயமுறுத்தியது வேறு விஷயம். இன்றைக்கு இந்த வீட்டில் எது கெட்டுக் கிடக்கிறது என்று அத்தைக்கு அச்சு அசலாகத் தெரிந்திருந்தது. ஃபோனில் இருந்தவரைத் துரத்திவிட்டோம், இருக்க இடமில்லாமல் வீட்டுக்கே வந்துவிட்டார் என்று அவர் முடிவுக்கு வந்தார். கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த அத்தையின் படத்தைத் தாண்டும்போது கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"என்ன சார், புது வீடா கட்டறீங்க?" என்று ஆணி, திருகு விற்கிற கடைக்காரர்கூடக் கேட்டுவிட்டார்.

"இல்லை. இருக்கற வீட்டுலயே இருக்கலாம்னு பார்க்கறேன்."

மனைவியின் முகத்தைப் பார்க்கும்போது பயத்தைவிடக் குற்றவுணர்ச்சிதான் அவரைத் தின்றது. செத்துப்போன அம்மாவின் குரல் தனக்குக் கேட்கிறது. அந்தக் குரலுக்காக ஏங்குகிற மகளுக்குக் கேட்கவில்லை. அவளிடம் இருந்த ஒரே குரலையும் தான் அழித்துவிட்டு, பத்திரம் என்று வேறு சொல்லியாயிற்று.

கடை ஒன்றுதான் மிச்சமிருந்த புகலிடம். ஒரு மத்தியானம் ஆளில்லாத நேரத்தில் ஃப்ரேம்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். சுவர் நிறைய மாட்டிய வெற்றுக் கண்ணாடிகள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. மேசைமேல் ஃபோன் மினுங்கியது. எடுத்துப் பார்த்தார்.

அத்தை. ஆன்லைனில் இருக்கிறார்.

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். இப்போதும் இருந்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கறுப்புக் கட்டம் வந்து விழுந்தது. வாழ்நாளில் முதல்முறையாக அத்தை அனுப்பிய வீடியோவைக் கண்ணாடிக்காரர் திறந்தார். இருட்டு. அதற்குள்ளிருந்து யாரோ மூச்சு வாங்குகிற சத்தம். பிறகு குரல்.

"அனுப்பறதை எல்லாம் பார்க்கவே மாட்டீங்களா மாப்பிள்ளை?"

கடையைப் பூட்டினாரா இல்லையா என்பது அவருக்கு இன்றுவரை சந்தேகம்தான். வீட்டுக்கு ஓடிவந்தார். அன்று மனைவிக்கு விடுமுறை. அவளுக்கு எதிரே உட்கார்ந்து, மூச்சு வாங்க, ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தார்.

"உங்க அம்மா பேசினதை எல்லாம் நான் அழிச்சுட்டேன். பத்திரம்னு பொய் சொன்னேன். அவங்க திரும்பி வந்துட்டாங்க. என்னைத் திட்டு, அடி, என்ன வேணா பண்ணு. அவங்களை மட்டும் போகச் சொல்லு."

அவள் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு பழைய ஃபோனை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அது அத்தையுடையது.

"அழிச்ச மறுநாள் காலையில நீங்க குளிக்கப் போனப்ப உங்க ஃபோனைப் பார்த்தேன். ஒண்ணுமே இல்லை. அன்னைக்கு ஆஸ்பத்திரியில டோக்கன் கூப்பிட வாயைத் திறந்தேன், சத்தமே வரலை. அழுதுட்டேன். பல் வலியோட வந்தவங்க எனக்குச் சமாதானம் சொன்னாங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவளைப் பார்க்க அவருக்கு முகமில்லை.

"அப்புறம்தான் புத்தி வந்துச்சு. அனுப்பினது உங்ககிட்ட வந்தா, அனுப்பினவங்ககிட்டயும் இருக்குமில்ல? அலமாரியில அம்மா புடவைக்கு அடியில இதை அணைச்சு வச்சிருந்தேன். சார்ஜ் போட்டேன். எல்லாம் இருந்துச்சு."

"அப்ப வீட்டுல கேட்டது?"

"நான் பாட்டுக் கேக்கற குட்டி ஸ்பீக்கரைப் பத்து நாளா காணோமே, எங்கேன்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா?"

"குழாய் ஒழுகறது அத்தைக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அவங்க இருந்தப்பவே ஒழுகிச்சு. அவங்க சொன்னதுல எதை நீங்க சரிபண்ணினீங்க, அவங்களுக்குத் தெரியாம போறதுக்கு?"

கண்ணாடிக்காரர் யோசித்துப் பார்த்தார். அத்தை இருந்தபோது ஒரு திருகைக்கூட முடுக்கியதாக நினைவில்லை. ஆனாலும் நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. குரல் போகவில்லை, பேயும் வரவில்லை. அவருக்குக் கொஞ்சம் வீறாப்புகூடத் திரும்பியது.

"நல்லா ஏமாத்திட்டே. சும்மா சொல்லக்கூடாது, இப்படி ஒரு யோசனை உனக்கு எப்படித்தான் வந்துச்சோ."

"எனக்கு வரலை" என்றாள் மனைவி. "இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. கேளுங்க."

பழைய ஃபோனில் கடைசியாக இருந்த கறுப்புக் கட்டத்தை அமுக்கினாள். இருட்டுக்குள்ளிருந்து அத்தை தொண்டையைச் செருமினார்.

"மாப்பிள்ளை, இது உங்களுக்கு இல்லை, என் பொண்ணுகிட்ட போட்டுக் காட்டுங்க. அம்மாடி, உன் வீட்டுக்காரர் தங்கமானவர்தான். ஆனா சொன்னா ஒரு வேலையும் நடக்காது, பயந்தா எல்லா வேலையும் நடக்கும். அவர் பயப்படறது எனக்கு ஒருத்திக்குத்தான். அதுக்கு நான் உயிரோட இருக்கணும்னு அவசியம் இல்லை."