அல்ஃபியா கை தூக்கினாள்

பதினாலாவது தடவையாக அல்ஃபியா கை தூக்கினாள்.

"டீச்சர், சத்தம் வருதுங்க."

அபிராமி டீச்சருக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த சாக்பீஸ் ரெண்டாக ஒடிந்தது. அல்ஃபியாவைத் திட்டவும் வழியில்லை. காதில் இயர்போனை மாட்டிக்கொள், பேச்சோடு வேறு சத்தம் கலந்தால் கையைத் தூக்கு என்று சொல்லிக் கொடுத்ததே டீச்சர்தான். பிள்ளை சொன்னதைச் செய்கிறது. ஊர்தான் விடமாட்டேன் என்கிறது.

எட்டாம் வகுப்புக்கு வீடியோ எடுக்கக் கற்றுத்தர வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தபோது, நல்லூர் நடுநிலைப் பள்ளியின் மற்ற டீச்சர்கள் எல்லாரும் நைசாக நழுவிவிட்டார்கள். அபிராமிதான் கோயமுத்தூருக்குப் போய் மூன்று நாள் பயிற்சி எடுத்து வந்தாள். போன வருடம் மாவட்டப் போட்டிக்கு அனுப்பிய படம் ‘ஒலி தெளிவில்லை’ என்று திரும்பி வந்துவிட்டது. இந்த வருடம் தேர்வானால் பிள்ளைகள் சென்னைக்குப் போகலாம். எட்டு முடித்து வேறு பள்ளிக்குப் போகிறவர்களுக்கு இதை விட்டால் வேறு வாய்ப்பு ஏது? படத்தை இன்று சாயங்காலம் நாலு மணிக்குள் ஏற்றியாக வேண்டும். இப்போதே மணி இரண்டு.

எடுக்க வேண்டியது மூன்றே நிமிடம். தலைப்பு தண்ணீர் சேமிப்பு. வர்ஷினி கேமரா முன்னால் வந்து நின்று, "எங்கள் பள்ளியில் ஒரு சொட்டு நீரைக்கூட வீணாக்க மாட்டோம்" என்று ஆரம்பிப்பாள். ‘சொட்டு’ என்ற சொல் வாயை விட்டு வருவதற்குள் அல்ஃபியாவின் கை மேலே போய்விடும்.

ஜன்னல்களைச் சாத்திப் பார்த்தார்கள். வகுப்பு இருட்டாகி, படத்தில் வர்ஷினியின் பல் மட்டும் தெரிந்தது. விளக்கைப் போட்டுவிட்டு ஃபேனை நிறுத்தினார்கள். வர்ஷினிக்கு வேர்த்துக் கொட்டி, முகத்துப் பவுடர் சட்டைக் காலருக்கு இறங்கிவிட்டது. சத்தம் மட்டும் தடதடவென்று அப்படியே இருந்தது, கொஞ்சமும் கூச்சநாச்சமில்லாமல்.

திருப்பூரில் ஒரு சத்தம் கேட்டால் எங்கிருந்து வருகிறது என்று யாராவது யோசிப்பார்களா? பனியன் கம்பெனியிலிருந்துதான். அபிராமி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே எதிர்வரிசைக்கு நடந்தாள். அங்கே குமாரசாமியின் நிட்டிங் யூனிட்டில் எட்டு மெஷின்கள் சுற்றிச் சுற்றித் துணி பின்னிக்கொண்டிருந்தன.

குமாரசாமி மரியாதையாக எழுந்து நின்றார். விஷயத்தைக் கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது.

"நடுவால நிறுத்துனா துணில கோடு உழுந்துருமுங்க டீச்சர்."

"துணில உழுகற கோடு தெரியுதுங்க. எங்க பிள்ளைங்க மூஞ்சி தெரியலீங்களா?"

மனிதர் போய் எட்டு மெஷினையும் நிறுத்தினார். மெஷின் நின்றால் ஆட்களுக்கு என்ன வேலை? மொத்தப் பேரும் படப்பிடிப்பு பார்க்க வந்து ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். இருந்த கொஞ்ச வெளிச்சமும் போயிற்று. வர்ஷினி ஆரம்பித்தாள். அல்ஃபியா கை தூக்கினாள்.

கூடவே வந்திருந்த குமாரசாமிக்கு முகம் மலர்ந்துவிட்டது. தான் அப்போதே நினைத்ததாகவும், அது பக்கத்துக் கட்டடத்து சேக் தாவூதின் ஜெனரேட்டராகத்தான் இருக்கும் என்றும் சொன்னார்.

சேக் தாவூதின் தையல் யூனிட்டில் முப்பது டெய்லர்கள் தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் சரக்கு கன்டெய்னரில் ஏற வேண்டும், இன்றைக்கு மட்டும் மன்னித்துவிடுங்கள் என்று அவர் கும்பிட்டார். அபிராமி வெட்டி வைத்திருந்த துணிக் கட்டு ஒன்றின் மேல் போய் உட்கார்ந்துகொண்டாள். நிறுத்துகிற வரைக்கும் எழுந்திருக்கப் போவதில்லை என்று அவள் முகத்திலேயே எழுதியிருந்தது. கால்மணி நேரம் தாக்குப்பிடித்த சேக் தாவூது, பெரிய பெருமூச்சோடு ஜெனரேட்டர், மெஷின், மேலே சுற்றும் ஃபேன் எல்லாவற்றையும் அணைத்தார்.

சேக் தாவூதும் முப்பது டெய்லர்களும் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார்கள். எந்த சீரியலுக்கு எடுக்கிறார்கள் என்று இந்தியில் ஒருவன் கேட்டான். பின்னால் நின்றவன் முன்னால் நின்றவன் தோளில் ஏறினான். போகிற வழியில் டீக்கடை கிரைண்டரையும் டீச்சர் நிறுத்தச் சொல்லியிருந்ததால் டீ மாஸ்டரும் கரண்டியோடு வந்து நின்றார்.

மணி மூன்றரை. பந்த் நாளில்கூட நல்லூர் அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. வர்ஷினி மூச்சை இழுத்து வாயைத் திறந்தாள்.

அல்ஃபியா கை தூக்கினாள். இந்தத் தடவை அவள் தூக்கியிருக்கவே வேண்டாம். தடதட சத்தம் எல்லார் காதிலும் தெளிவாக விழுந்தது.

ஒரு மெஷினைக் கள்ளத்தனமாக ஓட விட்டிருக்கிறீர்கள் என்று சேக் தாவூது குமாரசாமியைக் குறை சொன்னார். நாங்கள் பரம்பரையாகவே அப்படியில்லை என்று குமாரசாமி வேட்டியை மடித்துக் கட்டினார். பத்து வருடமாக ஊசியும் நூலும் கைமாற்றிக்கொண்டவர்கள், வகுப்பறை வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள்.

வர்ஷினியின் கண்ணில் நீர் கட்டியிருந்தது. மேஜையை ஓங்கித் தட்டிவிட்டு டீச்சர் மொத்தக் கூட்டத்தையும் பார்த்தாள்.

"மூணு நிமிசம். இந்தப் பிள்ளைங்களுக்காக மூணு நிமிசம் பொறுத்துக்க முடியலைன்னா நீங்க எல்லாம் என்ன மனுசங்க? எவன் மெசினுன்னு தெரியோணும். கலெக்டருக்கு எழுதி அவனைச் சந்தி சிரிக்க வைக்காம விடமாட்டேன்."

டீ மாஸ்டர்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது கூட்டத்தை மெல்ல விலக்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்தைக் கூட்டிக் கழுவுகிற பழனாயி உள்ளே வந்தாள். கையில் விளக்குமாறு. சேலை முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது.

"நடுவால வந்தா வைவீங்கன்னு காத்தாலயிருந்து பொறுத்துட்டிருக்கறனுங்க டீச்சர். நம்ம டேங்க் ரொம்பி வழிஞ்சு பொறத்தால ரோடே ஆறாட்டம் ஓடுது, இப்பவாச்சும் மோட்டாரை நிறுத்திரட்டுங்களா?"