கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோன பிரெஞ்சு வைன்

விலை கூடின வைனை நான் இன்றைக்கும் நம்புவதில்லை. லேபிளில் ஒரு கோட்டை, அதற்குக் கீழே ஒருவருக்கும் விளங்காத நாலு வரி, பக்கத்தில் கண்ணை மூடி "ஆஹா" சொல்லும் ஒரு மனுசன். இந்த மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் என் கை தானாகவே பேர்சைப் பொத்திக்கொள்ளும்.

சும்மா வந்த சந்தேகமில்லை இது. சண்டைக் காலத்தில் நான் கொழும்பு வெள்ளவத்தையில் அறை எடுத்திருந்த யாழ்ப்பாணத்துப் பொடியன். கூட வேலைசெய்த ஸ்டெல்லாவில் விருப்பம். அவளுடைய வீடு கொட்டாஞ்சேனை, கத்தோலிக்கக் குடும்பம். அவளுடைய அப்பா என்னை ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். சாப்பாடு ஒரு சாட்டு, ஆளை அளப்பதுதான் அலுவல்.

"அப்பா ஓம் எண்டாத்தான் கலியாணம். அவருக்குக் குடிகாரரைக் கண்ணில காட்டக்கூடாது" என்று ஸ்டெல்லா முதலே சொல்லிவிட்டாள்.

நான் சைவம். வைனைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், வேதக்காரரின் மாதா கோயிலில் அது பூசைச் சாமான் என்பதுதான். ஆகவே அது குடிவகைக்குள் வராது என்று நானே தீர்ப்பெழுதினேன். (நான் சட்டம் படிக்காதது நாட்டுக்கு நல்லது.) எங்கள் மனேஜர் ஒரு பிரெஞ்சு வைனின் பெயரை மூக்கால் சொல்லி, உலகத்தில் அதை மிஞ்ச ஒன்றில்லை என்பார். அதையே வாங்கினேன். அரை மாதச் சம்பளம் போனது. கடைக்காரரே என் முகத்தை ஒருமாதிரிப் பார்த்தார்.

வழியில் கொழும்புக் கோட்டையில் பொலிஸார் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். பைக்குள் மூடி உடைக்காத போத்தல். அந்த நாளில் பைக்குள் தண்ணீர்ப் போத்தல் இருந்தால்கூட ஒரு வாய் குடித்துக் காட்டவேண்டும், உள்ளே வேறு ஏதும் இருக்கோ என்ற பயம். ஒரு பொலிஸ்காரர் போத்தலைக் காட்டி, சிங்களத்தில் "பொன்ன" என்றார். குடியாம்.

தக்கை திறக்க என்னிடம் ஒன்றுமில்லை. பேனையால் குத்தினேன். தக்கை உள்ளே போனது, வைன் வெளியே வந்தது, என் வெள்ளைச் சேர்ட் முழுக்கச் சிவப்பு. மிச்சத்தில் ஒரு வாய் குடித்தேன். ஐயோ கடவுளே, ஊறுகாய்த் தண்ணியில் ஈரச்சாக்கைப் பிழிந்தமாதிரி. என் முகம் போன போக்கைப் பார்த்து அவர் ஓரடி பின்னால் போனார். சந்தேகம் கூடிவிட்டது. இன்னும் குடி என்றார். போத்தல் அரைவாசி இறங்கிய பிறகுதான் நான் சாகமாட்டேன் என்று அவருக்கு நம்பிக்கை வந்தது.

கொட்டாஞ்சேனையில் கதவைத் திறந்த ஸ்டெல்லாவின் அம்மா, நெஞ்சுச் சிவப்பைக் கண்டு குண்டு வெடித்துவிட்டது என்றே நினைத்தார். அப்பா பக்கத்தில் வந்து மணந்து பார்த்தார்.

"தம்பி, வாற வழியிலயே தொடங்கியாச்சோ?"

நடந்ததைச் சொன்னேன். நாக்கு குழறியது. எனக்கே அது பொய்மாதிரித்தான் கேட்டது. ஸ்டெல்லா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன், அழுகையும் வந்தது.

அவர் போத்தலை வாங்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மசுக்கு, முந்திரிகை வற்றல் ஊறப்போட்டு வீட்டிலேயே வைன் செய்கிற கை அது. கிளாசில் கொஞ்சம் ஊற்றி வாயில் வைத்தார். என் முகம் கோட்டையில் போன அதே போக்கில் அவர் முகமும் போனது. துடைத்துக்கொண்டு விலையைக் கேட்டார். சொன்னேன். என்னையும் போத்தலையும் மாறிமாறிப் பார்த்தார்.

"பிள்ளை, இவன் குடிகாரனில்லை. குடிக்கத் தெரிஞ்சவன் இந்தக் கண்றாவிக்குச் சல்லி குடுப்பானே? இருக்கச் சொல்லு."

மிச்ச வைன் வினாகிரிக்குப் பதிலாகப் பன்றிக்கறிக்குள் போனது. நான் சோறும் பருப்பும் சாப்பிட்டு மருமகனானேன். அது சம்மதமா, இரக்கமா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்.

ஒவ்வொரு நத்தாருக்கும் மாமா எல்லாருக்கும் தன் வைனை ஊற்றிக் கொடுப்பார். என் முறை வந்தால் மட்டும் சடங்கு வேறு. என் சின்ன மகள் வாசலை மறித்து நின்று கையை நீட்டி அடையாள அட்டை கேட்பாள். பிறகு எல்லாருமாக, "பொன்ன." முகம் சுளித்தால் இன்னொரு கிளாஸ் என்பது சட்டம். மாமாவின் வைனும் அப்படியொன்றும் திறமில்லை, ஆனால் நான் இதுவரை முகம் சுளித்ததில்லை.