குகை அண்ணாச்சியின் நான்காம் அத்தியாயம்

முப்பதாயிரம் வருஷத்துக்கு முன்னால் ராஜபாளையத்தில் காலைப் பலகாரம் என்ன என்று கேட்டால், யோசிக்காமல் பதில் சொல்லக்கூடியவர் உலகத்திலேயே ஒருத்தர்தான் இருந்தார். "சுட்ட உடும்பு. தொட்டுக்க நெல்லிக்கா" என்பார் குகை அண்ணாச்சி.

எண்பதுகளில் நாங்கள் இருவரும் ஒரு நூற்பாலையின் டைம் ஆபீஸ் குமாஸ்தாக்கள். தொழிலாளிகள் வந்துபோகும் நேரத்தை நான் எழுதுவேன். அதே மேஜையில் அவர் ஆதிமனிதர்களைப் பற்றி நாவல் எழுதுவார். அதனால்தான் குகை. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

எதையும் பண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவார். கல்லைத் தட்டிக் கத்தி செய்து, கறிக்கடைக்கே எடுத்துப் போனார். அரை மணி நேரம் அறுத்தும் ஆட்டுத்தொடையில் கீறல் இல்லை. அண்ணாச்சி விரலில் மூன்று தையல். "அண்ணாச்சி, இதுக்கு ஆட்டை உசுரோடயே விட்டுருக்கலாமே" என்றார் கடைக்கார பாய்.

அவர் கணக்கில் அது பேச்சு பிறக்காத காலம் என்பதால் நாவலில் காதலைக்கூட உறுமித்தான் சொல்ல வேண்டும். வீட்டில் தன் மனைவியிடம், அதாவது எங்கள் மதினியிடம், உறுமிப் பார்த்திருக்கிறார். மதினி சுக்குக் கசாயம் போட்டுக் கொடுத்துவிட்டார்.

நான்காம் அத்தியாயத்தில் எங்களுக்குள் சண்டை வந்தது. அதில் ஒருவனுக்குக் கால் ஒடிகிறது. கூட்டம் அவனை அப்படியே விட்டுவிட்டுப் போகிறது.

"பாவம் அண்ணாச்சி. தூக்கிட்டுப் போகக் கூடாதா?"

"ஏலே, அது கற்காலம். இவனைச் சுமந்துக்கிட்டு எப்பிடி வேட்டையாடுவான்? எம்புட்டுப் பாவமா இருந்தாலும் நெசத்தைத்தான எழுதணும்?"

இரண்டு நாள் நான் அவரோடு டீ குடிக்கப் போகவில்லை.

சமாதானம் பண்ண, ஞாயிற்றுக்கிழமை பிளவக்கல் அணைப் பக்கம் மலையில் குகை தேடக் கூட்டிப்போனார். கற்காலம் என்பதால் செருப்புக்குத் தடை. ஒரு பாறையில் வழுக்கி விழுந்தேன். கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. பஸ் ரோட்டுக்கு இரண்டு மைல். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏறுலே முதுகுல."

"வேண்டாம் அண்ணாச்சி. நீங்க போயி யாரையாவது கூட்டிட்டு வாங்க."

"ஒன்னை இங்க ஒத்தையில விட்டுட்டா? கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு?"

ஐம்பது வயசு, ஒல்லி உடம்பு. பத்தடிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கினார். பாதி வழியில், மூச்சு வாங்குவதற்காக இல்லாமல் சும்மாவே நின்றார்.

"கேட்டியா... வேட்டைக்கு மூணு பேரு போதும். நாலாமத்தவன் சுமக்கலாம்ல?"

"சுமக்கலாம் அண்ணாச்சி" என்றேன், முதுகில் இருந்தபடி.

திங்கட்கிழமை நான்காம் அத்தியாயத்தைக் கிழித்துப்போட்டுப் புதிதாக எழுதினார். கால் ஒடிந்தவன் பிழைத்துக்கொண்டான். சுமந்தவனுக்கு ஒரு வாரம் முதுகுப் பிடிப்பு. அதுவும் பண்ணிப் பார்த்து எழுதியதுதான்.

நாவலை எந்தப் பத்திரிகையும் போடவில்லை. அவருக்கு அதில் குறையும் இல்லை. தொண்ணூறுகளில் ஓய்வு பெற்று ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மகள் வீட்டோடு போய்விட்டார். நான் வருகிறேன் என்று கார்டு போட்டால், வழி தெரியாமல் திண்டாடுவேன் என்று பஸ் ஸ்டாண்டுக்கே வந்து காத்திருப்பார். வழி எனக்கு நன்றாகத் தெரியும். ஒருநாளும் நான் அதைச் சொன்னதில்லை.