கங்காணிப் பெட்டியும் தொடாதே சாரும்

எங்கள் தேயிலை மலையில் எதையும் தொடாமலேயே ஒரு பெரிய கம்ப்யூட்டர் ரிப்பேரைப் பார்த்த மனிதர் தொடாதே சார் ஒருவர்தான். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அலுவலகத்துக்குள் நுழைந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை "தொடாதீங்க" என்பதால், அந்தப் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை.

நான் எஸ்டேட் அலுவலக டிரைவர். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கம்ப்யூட்டரைப் பற்றி இங்கே எழுதுவதெல்லாம் அவர் வாயால் கேட்டதுதான். கீழே ரிங்லெட் டவுனில் அவர் தங்கியிருந்த அறையிலிருந்து காலையில் அவரை ஏற்றிக்கொண்டு வருவேன். பிரேக் பிடிக்குமா, மண் சரியுமா, வளைவில் காய்கறி லாரி வருமா என்று பயந்துகொண்டேதான் நான் வண்டி ஓட்டுவேன். எனக்கு வாய்த்தவர் என்னைவிடப் பெரிய பயந்தாங்கொள்ளி. வழியில் பாய் நடத்தும் காக்கா கடையில் ரொட்டி சானாய் வைத்தால் தட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்.

"சார், ரொட்டியில வைரஸ் இல்ல லா, சாப்பிடுங்க" என்பார் கடைக்கார பாய்.

"மொதல்ல பாத்துக்கணும் பாய். கை வச்சிட்டா அப்புறம் பழைய ரொட்டி கிடைக்காது."

அவர் ஈப்போவிலிருந்து வந்ததே ஆயுத பூஜையால்தான். மழைக்கு எங்கள் சரிவு நகர்கிறதா என்று பார்க்க எதிர்மலையில் ஒரு கேமரா உண்டு. பகல் முழுக்க அது எடுக்கும் படம் ஒரு கம்ப்யூட்டர் பெட்டியில் அடங்காது. அதனால் துண்டு துண்டாக வெட்டி, பல பெட்டிகளுக்கு ஒரே நேரத்தில் பங்கு போட்டுக் கொடுப்பார்கள். எந்தத் துண்டு எந்தப் பெட்டியில் கிடக்கிறது என்று நினைவு வைத்துக்கொள்வதற்கென்றே தனியாக ஒரு பெட்டி. கூடைக்குப் பேரெழுதும் கங்காணி மாதிரி என்பதால் அதுதான் கங்காணிப் பெட்டி.

ஓடுகிற மெஷினுக்குப் பொட்டு வைக்கக் கூடாது என்பது எங்கள் ஃபேக்டரி வழக்கம். பூஜையன்று கணக்கெழுதும் சின்னக் கிராணி சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். கங்காணிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். பொட்டு வைத்தார், மாலை போட்டார். பிறகுதான் மற்ற பெட்டிகளிடம் போனார். மறுநாள் போட்டுப் பார்த்தால், பழைய படங்களின் பெயர் மட்டும் திரையில் வருகிறது. அளவும் தேதியும் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள். எதைத் தட்டினாலும் திறக்கவில்லை.

"ஏன் சார் கங்காணிய மொதல்ல புடுங்குனீங்க?" என்று தொடாதே சார் விசாரித்தார்.

"பெரியவருக்குத்தானே மொதல் மரியாத?" என்றார் கிராணி.

"பேரெழுதிக்கிட்டு இருந்தவர கையில பேனாவோட தூக்கிட்டீங்க. கொழுந்து கூடையிலதான் இருக்கு. எந்தக் கூடை யாரோடதுன்னு இப்ப அவருக்கே தெரியல." கொஞ்சம் யோசித்துவிட்டு, "பொட்டு நல்லா வச்சிருக்கீங்க" என்றும் சொன்னார்.

அதன் பிறகு அவர் நாற்காலியில் உட்கார்ந்தவர்தான். திரையைப் பார்ப்பார், டீ குடிப்பார், மறுபடி பார்ப்பார். எழுதாமல் படிக்க மட்டும் செய்கிறாராம். யார் உள்ளே வந்தாலும் "தொடாதீங்க". நாற்காலியைத் துடைக்க வந்த கூலிக்காரப் பெண்ணுக்கும் அதே "தொடாதீங்க". பார்த்துப் பார்த்து எஸ்டேட் மேனேஜர் துரைக்குப் பொறுமை போய்விட்டது.

"பழசு எதுக்கு சார்? அழிச்சிட்டுப் புதுசா ஆரம்பிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாசலில் நின்றபடியே, "சார், என் வீட்டுக்காரி அதுக்குள்ள இருக்கு" என்றேன்.

தொடாதே சார் திரும்பிப் பார்த்தார்.

செல்லம்மா அந்தச் சரிவில்தான் கொழுந்து எடுத்தாள். போன மழைக்கு முன்னால் காய்ச்சலில் போய்விட்டாள். போட்டோ என்றாலே துண்டால் முகத்தை மூடிக்கொள்கிறவள். என்னிடம் இருப்பது அவளுடைய ஐசி, அதாவது அடையாள அட்டை, படம் மட்டும்தான். ஐசி படத்தை வைத்துப் பெற்ற தாய்கூடப் பிள்ளையை அடையாளம் சொல்ல முடியாது.

அவர் எழுந்து துரையிடம் போனார். "அழிக்கிறதுக்கு முன்ன எல்லாத்தையும் ஒரு காப்பி எடுத்து வைக்கணும் துரை, அதுதான் முறை" என்றார். முறை என்றால் துரைக்குப் பயம். சரி என்றுவிட்டார்.

மூலத்தைத் தொடாமல் அந்தக் காப்பியில்தான் வேலை நடந்தது. பெட்டிகளிலிருந்து துண்டுகள் கிடைத்தன. ஆனால் ஒன்றுக்கும் பெயர் இல்லை, நாள் இல்லை. பெயரில்லாத துண்டுகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. வண்டியில் வரும்போதெல்லாம் என்னைக் கேட்டுத் துளைப்பார்.

"உங்க வீட்டு அக்கா கூடைய எப்படி மாட்டுவாங்க?"

"எல்லாரும் மாட்டுற மாதிரிதான் சார்."

"நடை?"

"கொஞ்சம் சாஞ்சு நடக்கும். முட்டி வலி அதுக்கு."

"பேசிக்கிட்டே எடுப்பாங்களா?"

"வீட்டுலதான் சார் பேசும். எல்லாம் என்னையதான்."

சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அவள் போன பிறகு அன்றுதான் சிரித்தேன்.

ஒரு நாள் காலை. முந்திய ராத்திரி அவர் ரிங்லெட்டுக்கு இறங்காமல் அலுவலக அறையிலேயே இருந்திருக்கிறார். "அண்ணே, வாங்க. இவங்களான்னு பாருங்க" என்றார்.

பனி விலகுகிற சரிவு. அரிசிமணி அளவில் பெண்கள். எல்லாருக்கும் முதுகுதான் தெரிகிறது.

"இந்த அக்கா மட்டும் வரிசை மாறும்போது இடுப்புல கை வச்சு நிக்கிறாங்க. வேற யாரும் நிக்கல."

செல்லம்மாதான். சாய்ந்து நடந்தாள். நின்றாள். திரும்பவும் குனிந்தாள். அதோடு திரை ஒரு வெட்டு வெட்டி, ஆளே இல்லாத சாயங்கால மலை வந்துவிட்டது.

"நிமிரல சார்" என்றேன்.

"அந்தத் துண்டு கிடைக்கல அண்ணே. எல்லாப் பெட்டியிலயும் தேடிட்டேன்." படத்தை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார். "வேற நாள் துண்ட வச்சு ஒட்டிக் குடுக்கலாம். பாக்குறதுக்குத் தெரியாது. ஆனா அது அன்னைக்கு நிமிந்தவங்க இல்ல."

"வேணாம் சார்."

"நானும் அதான் நெனச்சேன்."

அந்தப் படத்தை என் ஃபோனில் போட்டுக் கொடுத்துவிட்டு, வேலை முடிந்து ஈப்போவுக்குப் போனார். பிறகும் சில சமயம் கூப்பிடுவார். வண்டி எப்படி, மழை எப்படி என்று கேட்டுவிட்டு, "அக்காவ இன்னைக்குப் பாத்தீங்களா?" என்பார். வேறு யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

இந்த வருஷம் அவருக்கு நெஞ்சு வலி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. சேதி கேட்டு மலையிறங்கி ஈப்போவுக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் அவரைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டிருந்தபோது அவருடைய கூடப்பிறந்த அக்கா பக்கத்தில் வந்தார்.

"நீங்க தம்பிக்கு என்ன வேணும்?"

டிரைவர் என்று சொல்லலாம். அது போதாது போல இருந்தது.

"என் வீட்டுக்காரிய அவருக்கு நல்லாத் தெரியும்மா" என்றேன்.