கோ மூக்கும் ரோஜா மணக்கும் வைனும்

யாங்கோன் நகரத்தில் மூக்கை முறையாகப் பயன்படுத்திய மனிதர் ஒரே ஒருவர்தான். மற்ற நாங்கள் எல்லாரும் சளி பிடிக்கவும் கண்ணாடி மாட்டவும் அதை வைத்திருக்கிறோம்.

அடையாள அட்டையில் அவருக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் லத்தா பேட்டையில் நான் குமாஸ்தாவாக இருக்கும் வைன் கிடங்கில் அவர் 'கோ மூக்கு'. 'கோ' என்றால் பர்மியத்தில் அண்ணன் மாதிரி, மூக்கு நம்முடையது. ஆள் கிடங்கு மேஸ்திரி. மூக்கு என்னவோ சப்பைதான்.

கிடங்குக்கு மேலே ஐந்து மாடி. மதியம் படியடியில் நின்று ஓர் இழுப்பு இழுப்பார்.

"மூணாவது மாடில புளிச்சக்கீரை. நாலாவதுல கருவாடு. அஞ்சாவதுல புருசன் பொண்டாட்டி சண்டை."

"சண்டைக்கு ஏதுண்ணே வாசம்?"

"சோறு தீயுதே, யாரும் இறக்கலையே!"

இத்தனை வைனுக்கு நடுவில் இருந்தும் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. காவடி எடுத்த அன்று முருகனுக்குச் செய்து கொடுத்த சத்தியம். முகர்ந்து மட்டும் பார்ப்பார். கேட்டால், "நாக்குதான்பா சத்தியம் பண்ணுச்சு. மூக்கு முருகன்கிட்ட ஒண்ணும் சொல்லலை" என்பார்.

இப்படி இருக்கையில் இத்தாலியிலிருந்து லாக்ரிமா என்று ஒரு சிவப்பு வைன் வந்து இறங்கியது. அந்த நாட்டுக் கறுப்புத் திராட்சை ஒன்றின் பெயரே லாக்ரிமாதான். கண்ணீர் என்று அர்த்தமாம். தோல் மெலிசு, பழுத்தால் வெடித்துச் சொட்டுச் சொட்டாக வடியுமாம். முதல் பாட்டிலைத் திறந்து கிளாஸை நீட்டினேன். கோ மூக்கு முகர்ந்தார், கண்ணை மூடிக்கொண்டார்.

"தம்பி, இதுல ரோஜா இருக்கு. மாலையில கட்டின ரோஜா இல்ல. விடியக்காலம் செடியில இருக்கிற ரோஜா. பின்னாடி லேசா மிளகு."

நானும் முகர்ந்தேன். சத்தியமாக ரோஜா! வெறும் திராட்சைக்குள் இது எப்படி வந்தது? எனக்குப் புல்லரித்துவிட்டது.

ஒரு ஓட்டலுக்குப் பத்துப் பெட்டி அனுப்பினோம். மறுநாளே அந்த மேனேஜர் ஒரு பாட்டிலோடு வந்து குதித்தார்.

"இது வைனா, ஃபலூடாவா? யாரோ ரோஸ் சிரப் கலந்திருக்காங்க! வாயில வைக்கவே மாட்டேன்!"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் ஊரில் கிளாஸிலிருந்து ரோஜா மணம் வந்தால் அது ஃபலூடாதான். ஆனால் விதியைப் பாருங்கள், கோ மூக்கின் மனைவி க்யிம்யிண்டைங் சந்தையில் ஃபலூடா கடை வைத்திருக்கிறார். கடைக்குச் சிரப் வாங்கிப் போவது இவர். அன்றைக்கும் அவருடைய சாப்பாட்டுப் பையில் இரண்டு சிரப் பாட்டில்கள் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தன.

முதலாளியம்மா டோ சாண்டா அந்தப் பையைப் பார்த்தார். "கோ மூக்கு, நாளையிலேருந்து வர வேணாம்" என்றார். இருபத்திரண்டு வருஷ வேலை! நானும் பையைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

சீல் உடையாத பாட்டில் ஒன்றைத் திறந்து காட்டினார் கோ மூக்கு. அதிலும் ரோஜா. "ஊசி போட்டு ஏத்தியிருப்பான்!" என்றார் மேனேஜர்.

கோ மூக்கு இரண்டு தட்டு கேட்டார். ஒன்றில் மேனேஜர் கொண்டுவந்த பாட்டிலிலிருந்து வெறும் லாக்ரிமா. இன்னொன்றில் லாக்ரிமாவோடு ஒரு கரண்டி சிரப். இரண்டையும் பின்கதவோரம் எறும்புச் சாரிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"மனுசன் பொய் சொல்லுவான். எறும்பு சொல்லாது."

முதலாளியம்மா, டை கட்டிய மேனேஜர், நான், எல்லாரும் குந்தி உட்கார்ந்தோம். கரண்ட் போயிற்று. ஒருவரும் நகரவில்லை. முதல் எறும்பு வெறும் லாக்ரிமாவின் ஓரம் வரை வந்து, மீசையை ஆட்டிப் பார்த்து, திரும்பிப் போயிற்று. நேராக அடுத்த தட்டு. கால் மணி நேரத்தில் சிரப் தட்டு கறுத்துவிட்டது. லாக்ரிமாவில் ஒன்றே ஒன்று கிடந்தது.

"அது குடிகாரன், விட்ருங்க" என்றார் கோ மூக்கு.

மேனேஜர் பயந்து பயந்து ஒரு வாய் குடித்தார். தித்திப்பே இல்லை! இன்னும் பத்துப் பெட்டி கேட்டுவிட்டுப் போனார். முதலாளியம்மா மன்னிப்புக் கேட்டார். கோ மூக்கு என் பக்கம் திரும்பினார்.

"நீயும் என்னைச் சந்தேகப்பட்டல்ல?"

"ஐயையோ, இல்லண்ணே!"

"வேர்வையிலயே தெரியுதுடா."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் கிளாஸை என் பக்கம் தள்ளினார். "சரி, குடி. நாக்குல எப்படி இருக்குன்னு எனக்குச் சொல்லு. அதான் உனக்குத் தண்டனை." அன்றிலிருந்து எந்த வைன் வந்தாலும் முகர்வது அவர், குடித்துச் சொல்வது நான்.

இப்போது முழங்கால் வலியால் தாகேதாவில் மகள் வீட்டோடு இருக்கிறார். புது லாக்ரிமா வந்தால் போன் போட்டு, போன் பக்கத்திலேயே பாட்டிலைத் திறப்பேன். 'டப்' என்றதும் அந்தப் பக்கம் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்கும்.

"போன்லகூட வாசம் வருமாண்ணே?"

"வருது தம்பி. இந்தத் தடவை மிளகு தூக்கல்."

போன வாரமும் அப்படித்தான் சொன்னார். குடித்துப் பார்த்தேன். மிளகு தூக்கல்தான் என்று சொன்னேன்.

இல்லாவிட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.