பீங்கான் வளையங்களுக்கு ஆயுதபூஜை

படித்தவனுக்கு வருகிற முதல் வியாதி, "தெரியாது" என்று சொல்ல வாய் வராமல் போவது. எங்கள் வம்சத்தில் அது முதன்முதலில் எனக்குத்தான் வந்தது. முதன்முதலில் படித்தவனும் நான்தானே!

தஞ்சாவூர் ஜில்லாவில் பாபநாசம் பக்கம் எங்கள் ஊர். அப்பா, மில்லுக்காரர் நிலத்தைக் குத்தகைக்குச் செய்துகொண்டிருந்தார். எல்லாம் வாய்ப்பேச்சுக் குத்தகை. மில்லுக்காரருக்கு அரிசி மில், நஞ்சை, ஆளுங்கட்சியில் ஒரு பதவி, காரில் ஒரு கொடி. அந்த வருடம் குத்தகைக்காரர்களில் பாதிப்பேர் சிவப்புக் கொடிச் சங்கத்தில் சேர்ந்து, தங்கள் பேரைப் பதிவு செய்யச் சொல்லி வழக்குப் போட்டார்கள். போட்டவர்களின் நாற்றங்காலில் மில்லுக்காரரின் ஆட்கள் மாடுகளை இறக்கினார்கள். அப்பா சங்கத்தில் சேரவில்லை. என்னை நம்பினார். (பாவம்.)

மில்லுக்காரர் வீட்டுக் கூடத்தில் ஒரு கடல்மீன் தொட்டி இருந்தது. அவருடைய ஒரே மகன் ஆசையாக வைத்துவிட்டு வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டான். கோடியக்கரைப் பக்கமிருந்து கேன் கேனாகக் கடல் தண்ணீர் வேனில் வரும். உள்ளே பவளம், அதன் நடுவே ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள். ஊரே நடுங்கும் அந்த மனிதர், சாயங்காலமானால் கண்ணாடியில் மூக்கை வைத்து "சாப்பிட்டியாடா?" என்று கேட்பார். போனில் மகனிடம் கேட்பதும் அதே குரலில்தான்.

தண்ணீர் கலங்கத் தொடங்கியதும் அப்பாவைக் கூப்பிட்டுவிட்டார்.

"டேய் கோவிந்தா, உன் மவன் மீன் படிப்புதானடா படிச்சிருக்கான்?"

"ஆமாங்கய்யா. எல்லா மீனும் படிச்சிருக்கானுங்க."

(விலங்கியல் பட்டப்படிப்பில் நான் பார்த்த ஒரே கடல்மீன், பார்மலின் பாட்டிலுக்குள் மிதந்த சுறாக்குட்டி.)

நான் போனதும், "வாங்க தம்பி" என்றார். அப்பா வாசலிலேயே நின்றார். அவருக்கு 'டேய்', எனக்குத் 'தம்பி'. என்னைப் படிக்கவைத்ததில் எங்கள் வீடு கண்ட மகசூல் அன்றைக்கு அதுதான். அப்பாவின் முகத்தைப் பார்க்கவேண்டுமே, கண்டுமுதல் நெல் குவித்த களம் மாதிரி!

"தீபாவளிக்குப் பையன் வர்றான் தம்பி. அவன் வெச்சுட்டுப் போன மாதிரியே தொட்டி இருக்கணும். இருந்துட்டா, குத்தகையை உங்கப்பன் பேருக்கே பதிஞ்சு குடுத்துடறேன்."

திருச்சியில் ஒரு கடைக்குப் போனேன். வடிகட்டிக்குள் போடுவதற்கென்று பஞ்சு, கரி, பீங்கான் வளையம் என்று மூன்றைக் கடைக்காரர் எடுத்து வைத்தார். அம்மா கத்தரிக்காய் பொறுக்குவது போல ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து, அழுத்திப் பார்த்து, கடைசியில் முகர்ந்தும் பார்த்தேன்.

"என்னா சார், குழம்பு வைக்கப் போறீங்களா?" என்றார்.

நூலகத்தில் படித்ததை அவரிடமே ஒப்பித்தேன். பஞ்சு அழுக்கைப் பிடிக்கும், கரி நிறத்தையும் நாற்றத்தையும் இழுக்கும். ஆனால் மீனின் கழிவு விஷமாகாமல் தடுப்பது பாக்டீரியா. அது குடியிருக்க ஓட்டை ஓட்டையான பீங்கான் வளையந்தான் உகந்த வீடு. "தெரிஞ்சுக்கிட்டே கேக்குறீங்க" என்று அவர் பில் போட்டார். இரண்டு கூடை வளையம் வாங்கினேன்.

தேர்வில் பிழையில்லை. பாக்டீரியா குடியேற வாரக்கணக்கில் ஆனது. புரட்டாசியில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குத் தெளிந்தது. மில்லுக்காரர் என் தோளில் கை போட்டார். நான் சட்டையை இரண்டு நாள் துவைக்கவில்லை.

பிறகு ஆயுதபூஜை வந்தது. கட்சிக்காரர் வீடு, சாமி கிடையாது. ஆனால் பூஜை முழுக்க மில்லுக்காரர் வீட்டு அம்மாவின் இலாகா. மில் இயந்திரம், கார், அரிவாள்மணை எல்லாம் கழுவிப் பொட்டு வைத்தாகிவிட்டது. அம்மா தொட்டியிடம் வந்தார்கள்.

"இதும் மிசினுதானே தம்பி? உள்ள என்ன இருக்கு?"

'கல்லுங்கம்மா' என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. வியாதி விடுமா?

"கோடிக்கணக்கான பாக்டீரியா இருக்குங்கம்மா!"

"அப்படின்னா?"

"கிருமிங்கம்மா. நல்ல கிருமி."

"நடுக்கூடத்துல, பூசையன்னிக்கு, கிருமியா!" அம்மா இரண்டடி பின்வாங்கினார்கள். "எடுங்க தம்பி, எல்லாத்தையும் கழுவுங்க. உங்கப்பா நெலத்தப் பத்தித்தான் காலையிலகூட அய்யாகிட்டச் சொல்லிட்டிருந்தேன்."

கடைசி வாக்கியத்தை அவர்கள் அன்பாகத்தான் சொன்னார்கள். என் காதில் மட்டும் அது மாடு இறங்கும் சத்தமாக விழுந்தது. ஒரு பக்கம் பாக்டீரியா, ஒரு பக்கம் அப்பாவின் வயல். பிளீச்சிங் பவுடர் போட்டு நானே கழுவினேன். வெயிலில் காயவைத்தேன். பூஜையில் வைத்த கருவியை அன்றைக்கு எடுத்துப் புழங்கக் கூடாது. ஆகவே என் வளையங்கள் மில்லின் ஸ்பானர்களுக்குப் பக்கத்தில், தாம்பாளத்தில், சந்தனம் குங்குமத்தோடு ஓய்வெடுத்தன. மறுநாள்தான் அலசித் திரும்பப் போட்டேன். பார்க்கப் புதுசு மாதிரி இருந்தது. புதுசேதான், ஒரு உயிர்கூட உள்ளே இல்லை.

சாயங்காலம் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"ஏன் தம்பி இப்படிப் பண்ணுது?"

"பசிங்கய்யா" என்றேன்.

அவர் தன் கையாலேயே இரை போட்டார். (கழிவைத் தின்ன ஆளில்லாத தொட்டியில், மேலும் கழிவு!) தண்ணீர் பால் மாதிரி ஆனது. திருச்சிக் கடை பூஜை விடுமுறை. பதறிப்போய், கரி நாற்றத்தை இழுக்கும் என்ற ஞாபகத்தில் மில்லுக்கு ஓடினேன். அங்கே உமிக்கரி மலையாகக் கிடக்கும். எங்கள் ஊரே பல் துலக்கும் கரி, மீனை மட்டும் கைவிடுமா என்ன? துணியில் கட்டி வடிகட்டிக்குள் திணித்து சுவிட்சைப் போட்டேன். துணி பிரிந்தது. மகன் வெளிநாட்டிலிருந்து வந்து பார்க்கவேண்டிய பவளப்பாறை, கண்ணெதிரே சாக்கடையானது.

காலையில் மில்லுக்காரர் சட்டைக் கையைக்கூட மடிக்காமல் கறுத்த தண்ணீருக்குள் கை விட்டுத் துழாவினார். இரண்டு மீன்களையும் எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கரியைத் துடைத்தார்.  

"டேய்" என்றார், என்னைப் பார்த்து. "உங்கப்பன வரச்சொல்லு."

அப்பா நட்டு முடித்திருந்த சம்பாவை அந்தத் தையில் மில்லுக்காரரின் ஆட்கள் அறுத்தார்கள். காலம் கடந்து அப்பாவும் சிவப்புக் கொடி பிடித்தார். குத்தகைக்கு அத்தாட்சி எங்கே என்று கோர்ட்டில் கேட்டார்கள், எங்களிடம் இல்லை. அடுத்த போகத்தில் அதே வயலில் அப்பா கூலிக்கு நாற்றுமுடி சுமந்தார். தீபாவளிக்கு மகன் வரவே இல்லை. லீவு கிடைக்கவில்லையாம்.

இப்போது நான் தஞ்சாவூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் விலங்கியல் வாத்தியார். ஊரில் எங்கள் வீட்டில் ஆயுதபூஜைக்கு எதையும் கழுவுவதில்லை. "கழுவுனா செத்துரும்" என்று அம்மா எண்ணெய்ப் பிசுக்கு அரிவாள்மணைக்கே பொட்டு வைத்துவிடுவாள். போன வருடம் மறதியாக ஒரு வாளித் தண்ணீரோடு என் ஸ்கூட்டரிடம் போனேன். கூலி வேலை முடிந்து, காலில் சேறோடு வந்த அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னைக்கு யாரு நெலம்டா போவப்போவுது?" என்றார்.

அம்மா சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். நான் வாளியைக் கவிழ்த்தேன்.