நெற்றியில் ஒன்று, வேலியில் ஒன்று

முதலாளித்துவமா சோசலிசமா என்று உலகம் எழுபது வருடம் அடிபட்டும் தீராத வழக்கை, யாழ்ப்பாணத்துக்கு மண்ணெண்ணெய்கூட அரிதாகவே வந்த பொருளாதாரத் தடைக் காலத்தில், வலிகாமத்துச் சங்கக்கடைத் தலைவர் சோமசேகரம் ஒரே ஒரு தென்னோலைக் கிடுகு வேலியில் தீர்த்துவைத்தார்.

வேலிக்கு இந்தப் பக்கம் கூட்டுறவுச் சங்கக்கடை, அங்கே சோசலிசம். அந்தப் பக்கம் அவருடைய மைத்துனர் நாகலிங்கத்தின் கடை. அங்கே 'சுதந்திர வர்த்தகம்'. இடையில் ஒரு பொட்டு. வேலியில் ஆள் குனிந்து போய்வர விடும் ஓட்டையை யாழ்ப்பாணத்தார் அப்படித்தான் சொல்வார்கள். இந்தப் பொட்டில் ஆள் குனியலாம், பீப்பாவும் உருளலாம்.

தம்பிஐயாவுக்கு இந்தத் தத்துவமெல்லாம் தெரியாது. அவருடைய வெங்காயம் தண்ணீரில்லாமல் வாடிக்கொண்டிருந்தது. இறைக்கிற மிசினுக்கு மண்ணெண்ணெய் கேட்டுச் சங்கக்கடைக்குப் போனார்.

"முடிஞ்சுது, தோழர்," என்றார் சோமசேகரம். "எல்லாருக்கும் சமமாய்ப் பங்கிட்டிட்டம்."

"எனக்குக் கிடைக்கேல்லையே, அண்ணை?"

"ஒருத்தருக்கும் கிடைக்கேல்லை. அதுதான் சமம்."

தம்பிஐயா வீதியால் சுற்றி நாகலிங்கத்திடம் போனார். அங்கே மண்ணெண்ணெய் தாராளமாக இருந்தது. விலையைக் கேட்டதும் தலை சுற்றி, பக்கத்திலிருந்த பீப்பாவைப் பிடித்துக்கொண்டார். அதில் சங்கத்தின் பெயர்.

"உது சங்கத்தின்ரை பீப்பா எல்லே?"

"நேற்றுவரைக்கும்," என்றார் நாகலிங்கம் பொறுமையாக. "பொட்டாலை வந்தாப் பிறகு தனியார்துறை."

அந்த வெள்ளிக்கிழமை சங்கத்தின் பொதுக்கூட்டம். தலைவரின் 'தன்னலமற்ற சேவை'க்கு மாலை, பன்னீர், சந்தனம், குங்குமம். தலைவர் முதலாளித்துவத்தைக் கிழித்துத் தொங்கவிட்டுவிட்டு உட்கார்ந்தார். மூத்த அங்கத்தவர் என்று தம்பிஐயாவைப் பொட்டு வைக்கக் கூப்பிட்டார்கள்.

தம்பிஐயா குங்குமத்தில் விரலை வைத்தார். வெங்காயம் நினைவுக்கு வந்தது. வந்த கோபத்தில் விரலை வேட்டியிலேயே துடைத்துவிட்டார்.

"என்ன தம்பிஐயா, பொட்டை வையுமன்," என்றார் செயலாளர்.

"இவருக்கு ஏன் நெத்தியிலை? வேலியிலை பெரிசாய் வைச்சிருக்கிறார் எல்லே! எழும்புங்கோ, எல்லாரும் போத்திலோடை அங்கை போய் வரிசையிலை நிப்பம்."

சபை எழும்ப, கதிரைகள் இழுபட்டன. தலைவர் மாலையோடு வாசலை மறித்தார்.

"தோழர்மாரே, பொறுங்கோ! பொட்டை இப்பவே அடைக்கிறன்!"

"வேண்டாம், தலைவர்," என்றார் தம்பிஐயா. "எங்கடை பங்கு அதுக்குள்ளாலைதானே போனது? திரும்பி வந்தாப் பிறகு அடையுங்கோ."